குப்பைக் கட்டணம் ஏறிக்கிட்டே போகுதா? கணக்கு கேக்குறது எப்படி, முழுமையான வழிகாட்டி

குப்பைக் கட்டணம் ஏறுனா முக்கால்வாசி பேர் கேக்குற கேள்வி "ஏன் ஏத்துனீங்க?" தான். இதுக்கு எந்த ஊர் அலுவலகத்துலயும் ரெடியா ஒரு பதில் இருக்கும், டீசல் விலை ஏறிருச்சு, சம்பளம் ஏறிருச்சு, கிடங்கு நிறைஞ்சு போச்சு, அவ்வளவுதான், கேட்டவங்களும் அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு தெரியாம திரும்பி வந்துருவாங்க. அதனால கேள்வியையே மாத்தணும். மொத்தச் செலவு எவ்வளவு, அதை எத்தனை பேருக்குப் பங்கு போட்டீங்க, போன தடவை கட்டணம் வச்சப்போ இந்த ரெண்டு நம்பரும் என்னவா இருந்துச்சு, இதெல்லாம் எழுத்துல வேணும்னு கேக்கணும். அந்த நம்பரை எப்படிக் கையில வாங்குறது, வாங்குனப்புறம் அதை எப்படிப் படிக்கிறது, படிச்சதை வச்சு யார்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு வரிசையா சொல்றேன். நாட்டுக்கு நாடு சட்டத்தோட பேரும் கெடு நாளும் மாறும், ஆனா கணக்கு கேக்குற முறை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்.

படி 1: உங்க பில்லுல இருக்குறது எந்த வகைக் கட்டணம்?

முதல்ல பில்லை எடுத்து வச்சுக்கங்க. குப்பைக்கான காசு சொத்து வரிக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம், தண்ணி பில்லோட சேர்ந்து வரலாம், தனி பில்லா வரலாம், இல்ல அடுக்குமாடி சங்கம் வாங்குற மாசச் செலவுக்குள்ள இருக்கலாம். சில இடத்துல உள்ளாட்சி வாங்காது, காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியே நேரா வீட்டுல வசூல் பண்ணும். இதுல எதுன்னு தெரியலன்னா யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியாது.

அடுத்தது இது வரியா கட்டணமான்னு பாக்கணும். வரிப் பணத்தை அரசாங்கம் எதுக்கு வேணா செலவு பண்ணலாம், ஆனா கட்டணம்னு பேர் வச்சு வாங்குனா, குடுக்குற சேவைக்கும் வாங்குற காசுக்கும் ஒரு பொருத்தம் இருக்கணும்னு பல நாட்டுச் சட்டம் சொல்லுது. இந்தியாவுல 1954ல வந்த சீரூர் மடம் வழக்குத் தீர்ப்புல உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கமா பேசியிருக்கு. உங்க பில்லுல கட்டணம்னு இருந்தா உங்க கை கொஞ்சம் ஓங்கி இருக்கு, ஏன்னா சேவைக்கு எவ்வளவு செலவாச்சுன்னு காட்டவேண்டிய பொறுப்பு அவங்களுக்கு வந்துருது.

படி 2: தேதியைப் பிடிங்க, பில்லைக் கட்டுறதை நிறுத்தாதீங்க

பல இடத்துல கட்டணம் ஏத்துறதுக்கு முன்னாடி அறிவிப்பு குடுத்து ஆட்சேபணை கேக்கணும்னு விதி இருக்கும். அந்த அறிவிப்பு எங்கயோ ஒரு பேப்பர் மூலையிலயோ நோட்டீஸ் போர்டுலயோ வந்துட்டுப் போயிருக்கும், பில் கைக்கு வரும்போதுதான் நமக்குத் தெரியும், அப்போ கெடு முடிஞ்சிருக்கும். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல 1996ல மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த ஒரு சட்டப்படி, இந்த மாதிரி கட்டணத்துக்கு 45 நாள் முன்னாடியே வீட்டுக்குத் தபால்ல தகவல் வந்தாகணும், பாதிக்கு மேல சொத்துக்காரங்க எழுத்துல எதிர்ப்பு குடுத்துட்டா அந்தக் கட்டணத்தை ஏத்தவே முடியாது. எல்லா இடத்துலயும் இவ்வளவு பலமான விதி இருக்காது, இருந்தாலும் ஏதோ ஒரு விதி இருக்கும், அதைத் தேடி எடுங்க. விதிப்படி அறிவிப்பு குடுக்காம ஏத்தியிருந்தாங்கன்னா அதுவே தனியா ஒரு வலுவான வாதம்.

கோவத்துல பில் கட்டாம விட்டுறாதீங்க. அபராதம், வட்டி, சேவை நிறுத்தம்னு போயி கடைசியில பேச்சு பூரா உங்க பாக்கியைப் பத்தியே ஆயிரும், கட்டணத்தைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. "ஆட்சேபணையோட செலுத்துகிறேன்"னு ஒரு கடிதம் குடுத்து, அதுக்கு ஒப்புகை வாங்கிட்டுக் கட்டுங்க. பின்னால பணத்தைத் திருப்பிக் கேக்கவேண்டி வந்தா அந்தக் கடிதம் உதவும்.

படி 3: எந்தெந்தக் காகிதம் வேணும்

தகவல் உரிமைச் சட்டம் உலகத்துல நூத்துக்கும் மேல நாடுகள்ல இருக்கு, ஸ்வீடன்ல 1766லயே கொண்டு வந்துட்டாங்க. இந்தியாவுல 2005ல வந்தது, 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். இலங்கையில 2016ல வந்தது. பிரிட்டன்ல 20 வேலை நாள். சட்டமே இல்லாத இடத்துல கவுன்சிலர் மூலமாவோ, மன்றக் கூட்டத்துல கேள்வியாவோ, ஆடிட் அறிக்கை வழியாவோ தான் போகணும், கொஞ்சம் லேட் ஆகும் ஆனா கிடைக்கும்.

மனு எழுதும்போது "ஏன்", "எதற்காக"ன்னு கேக்காதீங்க. அதுக்கு "கருத்து சொல்ல முடியாது"ன்னு ஒரே வரியில பதில் வந்துரும். இருக்குற ஆவணத்தோட நகலைக் கேளுங்க, சட்டத்துல விலக்கு இல்லாத வரைக்கும் அதைக் குடுத்துத்தான் ஆகணும். இந்த மாதிரி எழுதலாம்:

"1. திடக்கழிவுக் கட்டணத்தை உயர்த்திய தீர்மானத்தின் நகல், அதனுடன் மன்றத்தின் முன் வைக்கப்பட்ட குறிப்பு மற்றும் கணக்கீடு.
2. கடந்த ஐந்து ஆண்டுகளில் திடக்கழிவுப் பணிக்கான வரவு செலவு, தலைப்பு வாரியாக.
3. சேகரிப்பு, போக்குவரத்து, கிடங்குப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களும் பிற்சேர்க்கைகளும்.
4. கடந்த ஐந்து ஆண்டுகளில் மாத வாரியாக எடை மேடையில் பதிவான குப்பையின் அளவு.
5. கட்டணம் விதிக்கப்பட்ட வீடுகள் மற்றும் நிறுவனங்களின் எண்ணிக்கை, கேட்புத் தொகை (வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகை), வசூலான தொகை, நிலுவை.
6. இந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாற்றப்பட்ட தொகை இருப்பின் அதன் விவரம்."

அஞ்சு வருஷம்னு கேக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு, ஒரே ஒரு வருஷத்தை மட்டும் பாத்தா அந்த வருஷம் புது வண்டி வாங்கியிருப்பாங்க இல்ல பழைய பாக்கியைக் கட்டியிருப்பாங்க, செலவு எப்படிப் போயிட்டிருக்குன்னு தெரியாது. மூணாவது கேள்வியில பிற்சேர்க்கையை விட்டுறாதீங்க. மெயின் காண்ட்ராக்ட்ல ரேட் நியாயமா இருக்கும், அப்புறம் சத்தமில்லாம போட்ட திருத்தத்துலதான் விஷயமே இருக்கும். ஒரே மனுவுல முப்பது கேள்வி கேட்டா எல்லாத்தையும் தள்ளிப் போட்டுருவாங்க, அதனால ரெண்டு மூணு பேர் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சமா போடுங்க.

படி 4: கணக்கைப் படிக்கிறது

இங்கதான் நிறைய பேர் பயந்துடுறாங்க, ஆனா இதுக்குத் தேவை கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்.

குப்பைச் செலவை நாலு கட்டமா பிரிச்சு எழுதுங்க. வீட்டுல இருந்து எடுக்குறது, இடைநிலையத்துக்குக் கொண்டு போயி பெரிய வண்டிக்கு மாத்துறது, தூரம் கொண்டு போறது, கடைசியா கிடங்குலயோ எரிக்கிற ஆலையிலயோ குடுக்குறது. கடைசிக் கட்டத்துல டன்னுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, அதுக்குப் பேரு டிப்பிங் ஃபீ. இதோட அலுவலகச் செலவு, கடன் வட்டி, எதிர்காலத்துக்கு ஒதுக்குற தொகை இதையும் சேர்த்துக்கங்க. ஒவ்வொண்ணும் மொத்தத்துல எத்தனை சதவீதம்னு பக்கத்துல எழுதுங்க.

இப்போ அவங்க சொல்ற காரணத்தை அந்தச் சதவீதத்தோட பெருக்கிப் பாருங்க. டீசல் 20 சதவீதம் ஏறிருச்சுங்கறாங்க, சரி, மொத்தச் செலவுல டீசல் 10 சதவீதம்னு வச்சுக்குவோம், அப்போ டீசலால மொத்தச் செலவு ஏறுறது 2 சதவீதம் தான். டிப்பிங் ஃபீ 10 சதவீதம் ஏறுது, மொத்தத்துல அதோட பங்கு 30 சதவீதம்னா, அதுக்கு 3 சதவீதம். ரெண்டும் சேர்ந்து 5. கட்டணத்தை 25 சதவீதம் ஏத்தியிருந்தாங்கன்னா மிச்சம் 20 சதவீதத்துக்கு வேற காரணம் இருந்தாகணும். அந்த மிச்சம்தான் நீங்க கேக்கவேண்டிய கேள்வி. இந்த ஒரு கணக்கைப் போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குப் போனீங்கன்னா பேச்சோட போக்கே வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் வகுக்குற நம்பர், அதாவது எத்தனை வீடுங்கறது. இதை யாருமே பாக்குறதில்ல. உதாரணத்துக்கு வருஷச் செலவு 60 லட்சம், 5,000 வீடுன்னா வீட்டுக்கு வருஷம் 1,200, மாசம் 100. செலவு ஒரு காசு கூட ஏறல, ஆனா 4,000 வீட்டுக்கு மட்டும் பங்கு போட்டா மாசம் 125 ஆயிருது. 1,000 வீடு எங்க போச்சு? பதிவே பண்ணாம விட்டிருக்கலாம், வசூல் ஆகாம இருக்கலாம், பெரிய நிறுவனங்களுக்கு விலக்கு குடுத்திருக்கலாம். ஒழுங்கா கட்டுறவங்க கட்டாதவங்களுக்கும் சேர்த்து கட்டிட்டிருப்பாங்க.

இதுக்கு அமெரிக்காவுல சான் டியாகோ நல்ல உதாரணம். அங்க 1919ல வந்த ஒரு விதியால தனி வீட்டுக்காரங்களுக்குக் குப்பை எடுக்குறது இலவசமாவே இருந்துச்சு. 2022ல ஓட்டெடுப்பு வச்சு அதை மாத்துனாங்க, அப்போ மாசம் 23லிருந்து 29 டாலர் வரைக்கும் ஆகும்னு மதிப்பீடு சொல்லுச்சு, 2025ல கடைசியா வந்த கட்டணம் 43.60 டாலர். சேவையையும் கூட்டுனாங்க, அதே சமயம் கணக்குல வர்ற வீடுகளோட எண்ணிக்கை முதல்ல நினைச்சதை விடக் குறைஞ்சதும் ஒரு காரணம். மதிப்பீட்டுல எத்தனை வீடுன்னு போட்டாங்கன்னு அதனாலதான் கேக்கச் சொல்றேன்.

எடையையும் பாருங்க. டன்னுக்குப் பணம் குடுக்குற காண்ட்ராக்ட்ல எடை ஏறுனா காண்ட்ராக்டருக்கு லாபம். வண்டி உள்ள போகும்போது ஒரு எடை, காலியா வெளிய வரும்போது ஒரு எடை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பை. காலி வண்டி எடையை ஒவ்வொரு தடவையும் போடாம பழைய நம்பரையே வச்சிருக்காங்களா, கட்டட இடிபாடும் சாக்கடை மண்ணும் வீட்டுக் குப்பைக் கணக்குல ஏறுதா, மழை மாசத்துல எடை எவ்வளவு எகிறுதுன்னு மாச வாரிப் பட்டியலைப் பாத்தாலே தெரிஞ்சுரும். ஆள் தொகை அப்படியே இருக்கும்போது குப்பை மட்டும் ஒரே வருஷத்துல தடாலுன்னு ஏறியிருந்தா எடைச்சீட்டு நகலைக் கேளுங்க.

காண்ட்ராக்ட்ல ரெண்டு ஷரத்தைக் கட்டாயம் தேடணும். ஒண்ணு வருஷா வருஷம் ரேட் தானா ஏறுற ஷரத்து, அது விலைவாசிக் குறியீட்டோட கட்டியிருக்கா இல்ல கண்ணை மூடிக்கிட்டு இத்தனை சதவீதம்னு எழுதியிருக்கா, எரிபொருள் விலை இறங்குனா ரேட்டும் இறங்குமா இல்ல ஏற மட்டும்தான் செய்யுமா. இன்னொண்ணு குறைந்தபட்ச அளவு உத்தரவாதம், அதாவது நீங்க குப்பையைக் குறைச்சாலும் இத்தனை டன்னுக்குப் பணம் குடுத்தே ஆகணும்ங்கறது. இது இருந்தா மக்கள் எவ்வளவு பிரிச்சு வச்சு எவ்வளவு மக்க வச்சாலும் பில் குறையாது, அந்தக் காண்ட்ராக்ட் முடியிற தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க.

கடன் வட்டியும் சின்ன விஷயம் இல்ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத் தலைநகரம் ஹாரிஸ்பர்க், குப்பை எரிக்கிற ஆலையைப் புதுப்பிக்க வாங்குன கடன்ல மூழ்கி 2011ல திவால் மனு போடுற நிலைமைக்கே வந்துச்சு. உங்க ஊர்ல பெரிய ஆலைத் திட்டம் பேசுறாங்கன்னா கட்டணம் ஏறுறதுக்கு முன்னாடியே கேள்வி கேக்கவேண்டிய நேரம் அது.

நியாயமான காரணமும் உண்டு

எல்லா ஏத்தமும் கொள்ளைன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க, அது நம்ம வாதத்தைத்தான் கெடுக்கும். குப்பையைப் பள்ளத்துல கொட்டி நெருப்பு வைக்கிறது மலிவு, ஆனா அந்தச் செலவைக் கிடங்குப் பக்கத்துல குடியிருக்குறவங்க தங்க நுரையீரல்ல கட்டுறாங்க. முறையான கிடங்குக்கு அடியில நீர் இறங்காத விரிப்பு போடணும், வடியிற கழிவுநீரைச் சுத்தம் பண்ணணும், மீத்தேன் வாயுவைப் பிடிக்கணும், மூடுனப்புறமும் பல வருஷம் கண்காணிக்கணும். ஐரோப்பிய யூனியனோட 1999 விதி, மூடுனதுக்கு அப்புறம் குறைஞ்சது 30 வருஷப் பராமரிப்புச் செலவும் இப்ப வாங்குற கட்டணத்துலயே அடங்கணும்னு சொல்லுது, அமெரிக்காவுலயும் 30 வருஷம் தான் கணக்கு.

வெளிக் காரணங்களும் இருக்கு. பிரிட்டன்ல 1996ல கிடங்கு வரி கொண்டு வந்தப்போ டன்னுக்கு 7 பவுண்டு, 2025 ஏப்ரல்ல அது 126.15 பவுண்டு, இதுல உள்ளூர் நிர்வாகம் ஒண்ணும் செய்ய முடியாது. 2018ல சீனா 24 வகைக் கழிவு இறக்குமதியை நிறுத்துனப்போ பல நாடுகள்ல பழைய பேப்பர், பிளாஸ்டிக் விலை விழுந்து, வருமானமா இருந்தது செலவா மாறிப் போச்சு. உலக வங்கி 2018ல வெளியிட்ட அறிக்கைப்படி 2016ல உலகம் பூரா சேர்ந்த நகரக் குப்பை 201 கோடி டன், 2050ல 340 கோடி டன் ஆகும்னு கணிப்பு, ஏழை நாடுகள்ல உள்ளாட்சி பட்ஜெட்ல சராசரியா 20 சதவீதம் குப்பைக்கே போயிருது. அதனால காரணத்தைக் கேட்டுக்குங்க, அப்புறம் அதை மேல சொன்ன சதவீதக் கணக்குல போட்டுப் பாருங்க.

படி 5: பங்கீடு நியாயமா?

மொத்தத் தொகை சரியாவே இருந்தாலும் பிரிச்ச விதம் தப்பா இருக்கலாம். தனியா இருக்குற ஒரு பெரியவர் வீட்டுக்கும் பத்துப் பேர் இருக்குற வீட்டுக்கும் ஒரே கட்டணம்னா அது எந்த ஊர் நியாயம்? தென் கொரியாவுல 1995ல இருந்து குறிப்பிட்ட பையை விலைக்கு வாங்கித்தான் குப்பை போடணும், நிறைய போடுறவங்க நிறைய கட்டுவாங்க, பிரிச்சுக் குடுக்குற மறுசுழற்சிப் பொருளுக்குக் காசு இல்ல. இதுலயும் சிக்கல் உண்டு, கண்ட இடத்துல கொட்டிட்டுப் போறது கூடலாம், குடும்பம் பெருசா இருக்குற ஏழை வீட்டுக்குப் பாரம் கூடும், சலுகையும் சேர்த்துதான் யோசிக்கணும். வீட்டுக்கும் வணிக நிறுவனத்துக்கும் விகிதம் என்ன, பூட்டிக் கிடக்குற வீட்டுக்குத் தள்ளுபடி உண்டா, மட்கும் குப்பையைத் தாங்களே உரமாக்குற குடியிருப்புக்குக் கட்டணம் குறையுமா, இதெல்லாம் கேளுங்க. ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும் குப்பையில பாதிக்கு மேல மட்குற சாமான் தான், அதுவும் ஈரமா இருக்குறதால எடை ஜாஸ்தி, எடைக்குக் காசு குடுக்குற இடத்துல அதைக் குடியிருப்புலயே மக்க வச்சா செலவு உண்மையிலேயே குறையும்.

படி 6: ஆள் சேக்குறதும் கூட்டத்துல பேசுறதும்

நம்பர் கைக்கு வந்தப்புறம் அதை ஒரே ஒரு பக்கத்துல எழுதுங்க. பழைய கட்டணம், புதுக் கட்டணம், அவங்க சொன்ன காரணத்தால எவ்வளவு ஏறணும், மிச்சம் எவ்வளவு, நம்ம கோரிக்கை என்ன. வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வதந்தி எதையும் இதுல சேக்காதீங்க, ஒரே ஒரு நம்பர் தப்பா இருந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் ஒதுக்கிருவாங்க. ஆவணத்துல இல்லாத லஞ்சப் புகாரையும் யார் பேரையும் எழுதாதீங்க, அது வேற வழக்காயிரும். கையெழுத்து வாங்கும்போது வாடகைக்கு இருக்குறவங்ககிட்டயும் வாங்குங்க, கட்டணம் ஏறுனா கடைசியில அது வாடகையிலதான் வந்து நிக்கும்.

கூட்டத்துல பேச நேரம் ரொம்பக் குறைவாத்தான் குடுப்பாங்க, அதனால ஆளுக்கு ஒரு கேள்வின்னு பிரிச்சுக்கங்க. ஒருத்தர் மிச்சச் சதவீதத்தைக் கேக்கணும், ஒருத்தர் வீடுகளோட எண்ணிக்கையை, இன்னொருத்தர் எடையை. "பாத்து சொல்றோம்"னு பதில் வந்தா, எந்தத் தேதிக்குள்ள எழுத்துல வரும்னு கேட்டு அதையும் கூட்டக் குறிப்புல பதியச் சொல்லுங்க. முடிஞ்சா கூட்டத்துக்கு முன்னாடியே கவுன்சிலர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைக் குடுத்துருங்க, பலருக்கு இந்தக் கணக்கை யாரும் காட்டியே இருக்க மாட்டாங்க.

"ஏத்தாதே"ன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க, மாற்று வழி கொண்டு போங்க: ஏத்தத்தை மூணு வருஷத்துக்குப் பிரிக்கிறது, நிலுவையை வசூல் பண்ணுனப்புறம் மறுகணக்கு, எடை மேடைக்கு வெளி ஆடிட், காண்ட்ராக்ட் முடியும்போது புது டெண்டர், வருமானம் குறைஞ்ச வீடுகளுக்குச் சலுகை. ஆனா ஒரு விஷயத்துல நான் ரொம்பக் கறாரா இருப்பேன், தூய்மைப் பணியாளர் சம்பளத்தையும் கையுறை, காலணி, காப்பீட்டையும் வெட்டிக் கட்டணத்தைக் குறைக்கிற எந்த யோசனைக்கும் தலையாட்டாதீங்க. அவங்களுக்கு ஒதுக்குன காசு முழுசா அவங்க கைக்குப் போகுதான்னு கேளுங்க, அந்தக் கேள்வியிலயே பல நேரம் காண்ட்ராக்டோட நிஜக் கணக்கு வெளிய வரும்.

படி 7: பதில் வரலன்னா

முதல்ல தகவல் மனுவுக்கு மேல்முறையீடு, அடுத்து உள்ளாட்சிக்கு மேல இருக்குற அதிகாரி, ஆடிட் துறை, முறைமன்ற நடுவர் (அரசு அலுவலகங்கள் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்) மாதிரி அமைப்பு இருந்தா அங்க புகார், கடைசியா நீதிமன்றம். நீதிமன்றத்துல "கட்டணம் ஜாஸ்தி"ங்கற வாதம் சுலபமா நிக்காது, "விதிப்படி அறிவிப்பு குடுக்கல", "சேவைச் செலவோட பொருந்தல", "இந்தப் பணம் வேற வேலைக்குப் போச்சு" இந்த மூணும் தான் நிக்கிற வாதம். எடுத்தவுடனே லாரியை மறிக்கிற வேலைக்குப் போகாதீங்க. 2003ல அயர்லாந்துல டப்ளின்ல குப்பைக் கட்டணத்துக்கு எதிரா வண்டிகளை மறிச்சுப் போராடுனாங்க, நீதிமன்றத் தடையை மீறுனதுக்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ ஹிக்கின்ஸும் கவுன்சிலர் கிளேர் டேலியும் ஒரு மாசம் சிறைக்குப் போனாங்க. அவங்க தெரிஞ்சே அதைத் தேர்ந்தெடுத்தாங்க, நீங்களும் சட்டத்தை மீறுனா என்ன விலை குடுக்கணும்னு தெரிஞ்சுதான் முடிவெடுக்கணும்.

படி 8: அடுத்த வருஷத்துக்கு

இந்தத் தடவை ஏத்தம் நின்னாலும் நிக்கலைன்னாலும் ஒரு கோரிக்கையை மட்டும் எப்படியாவது தீர்மானமா வாங்கிருங்க: வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடி குப்பைக் கணக்கை, அதாவது கட்டம் வாரியா செலவு, மாத வாரியா எடை, கட்டணம் கட்டுற வீடுகளோட எண்ணிக்கை, வசூல், ரிசர்வ்ல இருக்குற தொகை, இதையெல்லாம் பொதுவுல வெளியிடணும்னு. கையில இருக்குற காகிதத்தை எல்லாம் ஸ்கேன் பண்ணி ரெண்டு மூணு பேர்கிட்ட வைங்க, ஒருத்தர் வீடு மாறிப் போயிட்டா ஃபைலும் கூடவே போயிரக்கூடாது. அந்த ஃபைலோட முதல் பக்கத்துல காண்ட்ராக்ட் முடியிற தேதி, அடுத்த பட்ஜெட் கூட்டம் நடக்குற மாசம், இன்னும் பதில் வராத மனுக்களோட எண், இந்த மூணையும் எழுதி ஒட்டிருங்க.